பிழை பார்க்கிற அக்கா

சொந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போய், மணமக்களை வாழ்த்துவதற்கு முன்னால் பத்திரிகையைத் திருத்திய மனுஷி எனக்குத் தெரிந்து அந்த அக்கா ஒருவர்தான். நாங்கள் வேலை பார்த்த பிரஸ்ஸிலிருந்து ஆறு பேர் போயிருந்தோம். சர்ச் பெஞ்சில் உட்கார்ந்ததும் கைப்பையைத் திறந்தார். பாட்டுப் புத்தகம் எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். எடுத்தது சிவப்புப் பேனா. பத்திரிகையில் விருந்து நடக்கும் மண்டபத்தின் பெயர் இருந்தது, எந்த ஊர் என்று இல்லை. அதே பெயரில் சாத்தூரில் ஒரு மண்டபம் உண்டு, சிவகாசியில் ஒரு மண்டபம் உண்டு.

"சாத்தூர்க்காரவுக பூராம் அங்கன போய் நிப்பாகளே தம்பி" என்றார்.

"அக்கா, கல்யாணம் முடியட்டும். குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லைன்னு சும்மாவா சொன்னாக?" என்றேன்.

அவர் காதில் வாங்கவில்லை. எழுந்து போய், பைக் வைத்திருந்த ஒரு சொந்தக்காரரைப் பிடித்துச் சாத்தூர் மண்டபத்துக்கு அனுப்பினார். அங்கே மூன்று குடும்பம் பட்டுச்சேலையும் பரிசுப் பொட்டலமுமாகப் பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்ததாம். அவர்களும் வந்து சாப்பிட்ட பிறகுதான் அக்கா இலைக்கு உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் எனக்குப் பதில் சொன்னார்.

"பக்கத்து வீட்டுக்காரி சேலையில கறை இருந்தா, சொல்லலாமா வேண்டாமான்னு யோசிப்பேன். என் தங்கச்சி சேலையில இருந்தா இழுத்து நிறுத்தித் தொடைப்பேன். சொந்தம்னாத்தான் தம்பி குத்தம் பார்க்கணும்."

இதுதான் அந்த அக்கா. இதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்வதெல்லாம் இதே கதைதான், ஆளும் இடமும்தான் வேறு.

சிவகாசியில் ஒரு நடுத்தரமான காலண்டர் பிரஸ் அது. நான் பிளேட் செக்‌ஷனில் இருந்தேன். அக்கா புரூப் பார்ப்பவர். டிசைன் முடிந்து தாளில் வருகிற மாதிரியை எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து விழாமல் எந்த வேலையும் என்னிடம் வராது. அச்சு ஓட ஆரம்பித்ததும் மெஷினிலிருந்து வரும் முதல் தாளையும் அவர்தான் பார்ப்பார். திருச்செந்தூர் முருகன் கையில் வேல் இல்லை என்று நிறுத்தியிருக்கிறார். ரம்ஜான் பிறையைத் தலைகீழாகப் போட்டதற்கு நிறுத்தியிருக்கிறார். தன் சொந்த சபையின் காலண்டரை மட்டும் இரண்டு தடவை நிறுத்தினார், அதனால் சபையார் கோபித்துக்கொண்டு அடுத்த வருஷம் வேறு பிரஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

ஆயுதபூஜை வந்தால் எனக்கு அவர்மேல் எரிச்சல் வரும். முந்தின நாள் சாயங்காலம் எல்லோருக்கும் முன்னால் துணியும் மண்ணெண்ணெயுமாக மெஷினடியில் உட்கார்ந்து துடைப்பவர் அவர்தான். மறுநாள் நாங்கள் சந்தனம் வைத்துத் தீபம் காட்டும்போது வெளியே கேட் பக்கம் போய் நின்றுகொள்வார். எல்லாம் முடிந்த பிறகு உள்ளே வருவார். ஒரு வருஷம் கேட்டே விட்டேன்.

"ஒரு கும்பிடு போட்டா என்னக்கா குறைஞ்சு போயிருவீக? இந்த மெஷின்தானே நமக்குச் சோறு போடுது?"

"அதான் தம்பி தொடைச்சு வச்சிட்டுப் போனேன்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "கும்பிடுறது ஒருத்தரைத்தான். நேசிக்கிறது எம்புட்டு பேரை வேணாலும் நேசிக்கலாம். மெஷினுக்கும் அதுதான், ஊருக்கும் அதுதான், நாட்டுக்கும் அதுதான்" என்றார்.

கெட்டிக்காரத்தனமான பேச்சு என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

ஒரு சுதந்திர தினம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அவர்கள் சபைக்குக் காகிதக் கொடிகள் எங்கள் பிரஸ்ஸில்தான் அடித்தோம். கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தவன், வெயிலுக்குப் பயந்து ஆராதனை முடியும்வரை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நாட்டுக்காக ஜெபிக்க அக்காவை அழைத்தார்கள். ஜனாதிபதியில் தொடங்கிக் கலெக்டர் வரைக்கும் எல்லோருக்கும் நல்ல புத்தியும் நல்ல சுகமும் கேட்டார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"ஆண்டவரே, நாங்க தப்புப் பண்ணியிருக்கோம். சாக்கடைக் குழிக்குள்ள மனுஷனை இறக்கினோம். டீக்கடையில ரெண்டு தம்ளர் வச்சோம். பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளைத் தீப்பெட்டி ஒட்ட வச்சோம். உம்முடைய பெயரைச் சொல்லிக்கிட்டே கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுல சாதிச் சுவர் கட்டினோம். எங்களை மன்னியும்."

எனக்கு முன்னால் இருந்த பெரியவர் இருமினார். இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. கொடியேற்றி மிட்டாய் கொடுக்கிற நாளில் இப்படியா என்று தோன்றியது. வெளியே வந்ததும் அந்த இருமல் பெரியவர் அக்காவை மறித்துவிட்டார்.

"இன்னைக்கு நாட்டைப் பத்திப் பெருமையா நாலு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"வாராவாரம் நம்ம பாவத்தை அறிக்கை பண்ணிட்டுத்தானே ஐயா பாட்டே பாடுறோம்? நாட்டுக்கு மட்டும் பாட்டுப் பாடினாப் போதுமா?"

பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அக்கா மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, கொடியைச் சட்டென்று கீழே போட்ட ஒரு சின்னப் பிள்ளையிடம் எடுத்துக் கொடுத்துவிட்டு நடந்தார்.

இன்னொரு நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். பக்கத்து ஊரில் ஒரு பட்டாசு ஆலையில் விபத்து. நான்கு பேர் போய்விட்டார்கள். வெளிநாட்டு டிவிக்காரர்கள் வந்து படம் எடுத்தார்கள். டீக்கடையில் ஒரே கொந்தளிப்பு. நம் ஊர் மானத்தை உலகம் பூராவும் ஏலம் போடுகிறான் என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். நானும் தலையாட்டினேன்.

"அவக படம் எடுத்ததா மானக்கேடு? நாலு பேரு கருகினது மானக்கேடு இல்லையா?" என்றார் அக்கா, டீயை ஆற்றிக்கொண்டே.

திரும்பி வரும் வழியில் நான் கொஞ்சம் சூடாகவே கேட்டேன். "உங்களுக்கு மோட்சம் இருக்குக்கா. அதனால இந்த ஊரு எப்படிப் போனாலும் கவலை இல்ல, அப்படித்தானே?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. "மேல ஒரு ஊரு இருக்குன்னு நம்புறேன் தம்பி. அது உண்மைதான். இதுவே எல்லாம்னு இருந்தா, இதைக் காப்பாத்தப் பொய் சொல்லத் தோணும். எனக்கு அந்தப் பயம் இல்ல. அதனால இங்கன உள்ளதை உள்ளபடி பார்த்தே நேசிக்கலாம்" என்றார்.

அந்தப் பேச்சு அப்போது எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டது ஒரு காலண்டரால்.

விருதுநகரில் பருப்பு, எண்ணெய் மொத்த வியாபாரம் செய்கிற ஒருவர் ஒரு ஆர்டர் கொடுத்தார். போனை எடுத்தால் ஹலோ சொல்ல மாட்டார், ஜெய்ஹிந்த் என்பார். நல்ல மனுஷர், வாய்தான் கொஞ்சம் நீளம். தன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்க எட்டாயிரம் காலண்டர் கேட்டார். நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு இந்திய வரைபடம், முழு நீலத்தில். கீழே தாய்நாட்டை நேசிப்போம் என்று ஒரு வரி, அதற்கும் கீழே கடையின் பெயர். ஆர்டர் கொடுக்க வந்தவர் புரூப் மேஜையின்மேல் ஒட்டியிருந்த சின்னச் சிலுவைப் படத்தைப் பார்த்தார்.

"அந்தம்மா வேதக்காரவுகளா?" என்று முதலாளியிடம் கேட்டார். "நாட்டுப் படம். கொஞ்சம் பார்த்துக்கோங்க."

மெதுவாகச் சொன்னதாக அவர் நினைத்திருப்பார். எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அக்காவுக்கும் கேட்டது. அவர் நிமிரவில்லை.

வரைபடம் என்றால் எங்கள் ஊர்ப் பிரஸ்காரர்கள் ஒன்றுக்கு மூன்று தடவை பார்ப்பார்கள். எல்லைக்கோடு ஒரு நூல் நகர்ந்தாலும் கேஸ் என்பார்கள். அக்கா ஒரு நல்ல அட்லஸைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு அரைநாள் பார்த்தார். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை ஊசிமுனையால் எல்லையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, கடலில் இருந்த தீவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். வேலை என்னிடம் வந்தது.

பிளேட் என்பது ஒரு மெல்லிய அலுமினியத் தகடு. அதில் படம் விழும், அதிலிருந்து தாளுக்குப் போகும். தூசி ஒட்டியிருந்தால் அதுவும் புள்ளியாக விழுந்துவிடும். அதை அழிப்பதற்கென்றே ஒரு பேனா உண்டு. என் பிளேட்டில் ஒரு தூசிப் புள்ளி இருக்காது என்று ஊருக்குள் எனக்குப் பெயர். அந்தத் தலைக்கனத்தோடு நீல நிறப் பிளேட்டை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். வலது பக்கம் வெறுமையான இடத்தில் பொடிப்பொடியாகக் கொஞ்சம் புள்ளி. இடது பக்கம் கீழே இன்னும் பொடியாக நாலைந்து. புரூப் தாள் என் மேஜையிலேயே இருந்தது. பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும், எனக்குத் தெரியாத தூசியா? பேனாவை எடுத்துச் சுத்தமாகத் துடைத்துவிட்டேன்.

மெஷின் ஓட்டுகிறவர், முதல் தாளை அக்கா பார்க்க வேண்டுமே என்றார். அக்கா அன்றைக்கு நாத்தனாரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். "அதான் புரூப்லயே அரைநாள் பார்த்துட்டாங்களே, ஓட்டுங்க" என்றவன் நான்தான். எட்டாயிரமும் ஓடிவிட்டது. முதல் கட்டாக ஐந்நூறுக்கு மட்டும் மேல்பக்கம் மாட்டுவதற்கான தகரம் அடித்து, அன்று மத்தியானமே விருதுநகருக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் அக்கா வந்து தாளை எடுத்தார். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, அந்தமானைக் காணோம்."

அவர் விரல் இடது பக்கம் நகர்ந்தது. "லட்சத்தீவையும் காணோம்."

எனக்கு அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. சீசன் தொடங்கும் நேரம். வேலை போனால் போகட்டும் என்று விட முடியாது. நாட்டு வரைபடத்தை அழித்தவன் என்று பெயர் வந்தால் சிவகாசியில் எந்தப் பிரஸ்ஸும் என்னை வாசலில்கூட நிற்க விடாது. கேஸ் என்று வந்தால் அது வேறு. இதெல்லாம் ஒரு மடக்கு டீ இறங்குவதற்குள் யோசித்துவிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் யோசனையில் வரவில்லை.

முதலாளி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். "ஏலே, யாருலே இதைச் செஞ்சது?" என்றார் பொதுவாக. பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, விடுங்க. அந்தப் பொடியை யாரு பார்க்கப் போறா? அவரே பார்க்க மாட்டாரு" என்றார்.

"அங்கன ஆளுக இருக்காக முதலாளி" என்றார் அக்கா.

"இருக்கட்டும்மா. நீங்க போய்ச் சொன்னீகன்னா, வேணும்னே செஞ்சீகன்னு உங்களைத்தான் சொல்லுவாரு. அன்னைக்கு அவரு பேசினது கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு. அதுக்காக நாட்டைக் குறைச்சுக் கொடுக்க முடியுமா?"

அக்காவே வியாபாரிக்குப் போன் செய்து சொன்னார். தப்பு நடந்துவிட்டது, தீவுகள் விடுபட்டுவிட்டன, அனுப்பிய கட்டைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், எல்லாவற்றையும் சரிசெய்து தருகிறோம். அவ்வளவுதான் சொன்னார். ஒரு மணி நேரத்தில் வியாபாரி காரில் வந்து இறங்கினார். கட்டை மேஜையில் தொப்பென்று போட்டார்.

"எனக்கு அன்னைக்கே மனசுல பட்டுச்சு" என்றார் அக்காவைப் பார்த்து. "என் நாட்டுலயே கையை வச்சிட்டீகளே. உங்களுக்கெல்லாம் இது எங்க சொந்த நாடு?"

முதலாளி குறுக்கே வந்தார். அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். புரூப் தாளை எடுத்து வியாபாரி முன்னால் விரித்தார்.

"எனக்கும் இதுதான் நாடு அண்ணாச்சி. வேற இல்ல. அதனாலதான் போன் போட்டேன். புரூப்ல தீவு எல்லாம் இருந்துச்சு, இந்தா இருக்கு பாருங்க. ஓடின தாள்ல இல்ல. முதல் தாளைப் பார்க்கிறது என் வேலை, நான் பார்க்கல. தப்பு எங்க பக்கம்தான்."

"புரூப்ல இருந்தது தாள்ல எப்படிப் போகும்? தானா பறந்துச்சா?"

அக்கா பதில் சொல்லவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை. பைண்டிங் செக்‌ஷன் பெண்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் எல்லோரும் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்தது. பத்து வருஷமாக ஒன்றாக வேனில் வந்து இறங்குகிறவர்களின் பார்வை அது. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் அழிச்சேன்" என்றேன். "தூசின்னு நெனச்சு அழிச்சிட்டேன். அக்கா இல்லாதப்ப ஓட்டச் சொன்னதும் நான்தான்."

சொல்லி முடித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. இனி எது நடந்தாலும் நடக்கட்டும் என்று இருந்தது.

வியாபாரி என் பக்கம் திரும்பினார். "தூசியா? எலேய், போர்ட் பிளேயர்ல என் தங்கச்சி இருக்காலே. இருபது வருஷமா அங்கனதான் கடை வச்சிருக்கா. அவ தூசியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கையில் அந்தக் காலண்டர்.

"நேத்துச் சாயங்காலம் கடையில மாட்டி மாலை போட்டேன்" என்றார், யாரிடம் என்று இல்லாமல். "விழுந்து கும்பிட்டேன். போட்டோ எடுத்து அவளுக்கே அனுப்பி வச்சேன். அவளும் ஒண்ணும் சொல்லல. நானும் பார்க்கலையே."

அக்கா நினைத்திருந்தால் அந்த இடத்தில் ஒரு வார்த்தையில் அவரைச் சுருட்டியிருக்கலாம். என் வாயிலேயே நாலு வார்த்தை வந்து நின்றது. அக்கா தண்ணீர்ச் செம்பை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தார். அவர் குடித்தார்.

"எத்தனை நாள்ல சரி பண்ணித் தருவீக?" என்றார்.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் முதலாளி விட்ட பெருமூச்சு மெஷின் ரூம்வரை கேட்டிருக்கும். கேஸ் இல்லை, போலீஸ் இல்லை, வேலையும் போகவில்லை. மீதித் தாள்களுக்கு இன்னும் தகரம் அடிக்கவில்லை என்பதால் வழி இருந்தது. தீவுகள் மட்டும் உள்ள ஒரு பிளேட் போட்டு, அதே நீல மையில், அந்தத் தாள்களை இன்னொரு தடவை மெஷினில் விட்டால் போதும். தகரம் அடித்துப் போன ஐந்நூறைப் புதிதாக அடித்துவிடலாம். நாளை மறுநாள் என்றார் முதலாளி. வியாபாரி எழுந்தார். அக்காவிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி, "முதல் தாளை நீங்களே பார்த்துருங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அதுவே பெரிய விஷயம்.

புதுப் பிளேட்டை நானே செய்தேன். பேனாவை மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுச் செய்தேன். மெஷினில் மாட்டிக்கொண்டிருக்கும்போது அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"எனக்காக அம்புட்டு நேரம் பேசாம நின்னீகளேக்கா" என்றேன்.

"உங்களுக்காக இல்ல தம்பி. தகட்டுல அழிக்கிற ஆளு இங்கன யாரு இருக்கா, எனக்குத் தெரியாதா? நீங்களே சொல்லுவீகளான்னு கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். சொல்லலைன்னா நானே சொல்லியிருப்பேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "காட்டிக் கொடுத்திருப்பீகளா?"

"பின்னே? உங்களையும் நேசிக்கிறேன்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பல நாள் கழித்து அவர் நாகர்கோவிலில் மகளோடு இருக்கப் போய்விட்டார், நானும் சொந்தமாக ஒரு சின்னக் கடை போட்டுவிட்டேன். ஆனாலும் அந்தச் சிரிப்பில் கிடைத்த நிம்மதி மாதிரி ஒன்று எனக்கு அதற்குப் பிறகு கிடைத்ததாக நினைவில்லை. என் தப்பு முழுசாகத் தெரிந்த ஒருவர் என் பக்கத்திலேயே நிற்கிறார் என்ற நிம்மதி அது.

மெஷின் ஓடியது. முதல் தாளை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தார். அட்லஸை விரித்து வைத்துக்கொண்டு, சுண்டுவிரல் நகத்தால் வங்கக் கடலில் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுக்கொண்டே இறங்கினார். பிறகு அரபிக்கடல் பக்கம் போனார். மெஷின்காரரும் நானும் அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றோம். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை எண்ணுகிற மாதிரி அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் வந்துட்டாக" என்றார். "ஓட்டுங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். அவர் பெயருக்குக் கீழே நானும் போட்டேன்.